இரண்டாவது ஜுமான்ஜி எதற்கு என்றுதான் நினைத்தேன்!

"அம்மா, நாளைக்கு வேலையை எல்லாம் மத்தியானத்துக்குள்ள முடிச்சிரு. எல்லாரும் உக்காந்து ஒரு படம் பார்க்கப் போறோம்" என்றாள் என் மகள், போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. கல்லூரியில் முதல் வருஷம். விடுதியிலிருந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் வருகிறாள். ஆகவே அந்த இரண்டு நாளும் வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"என்ன படம்?"

"ஜுமான்ஜி."

எனக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "அட, அதை நான் பிளஸ் ஒன் படிக்கிறப்பவே பார்த்தாச்சே!"

"அது பழசும்மா. இது 2017-ல வந்த ரெண்டாவது படம். ராக் நடிச்சது."

மலர்ந்த முகம் அப்படியே சுருங்கிவிட்டது. சகோதரிகளே, உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். ஒரு நாள் ரசம் அமைந்துவிடும். மிச்சம் கொஞ்சம் இருக்கிறதே என்று மறுநாள் அதிலேயே புளித்தண்ணீரை ஊற்றிக் கொதிக்க வைப்போம். நேற்று இருந்த பெயரும் கெட்டுப்போகும். இந்த இரண்டாம் பாகப் படங்கள் எல்லாமே எனக்கு அப்படித்தான். கதை முடிந்துவிட்டது, மகராசனாகப் போய்வா என்று விடாமல், முதல் படத்தில் வந்த காசுக்காக இழுத்துப் பிடித்து உட்கார வைக்கிறார்கள்.

அதிலும் முதல் ஜுமான்ஜி எனக்குச் செல்லமான படம். 1995-ல் வந்தது. மாமா வீட்டுக்குப் புதிதாக கேபிள் டிவி வந்த சமயம். நானும் என் தம்பியும் தரையில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் என்பவர் 1981-ல் எழுதிப் படமும் போட்ட குழந்தைப் புத்தகத்திலிருந்து எடுத்த கதை அது. புத்தகத்தில் அப்பாவும் அம்மாவும் வெளியே கிளம்பும்போது, விருந்தாளிகள் வரப்போகிறார்கள், வீட்டைக் கலைக்காமல் வைத்திருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுப் போவார்கள். எந்த வீட்டிலும் நடப்பதுதானே! பிள்ளைகள் ஒரு பலகை விளையாட்டை எடுத்துத் தாயக்கட்டை உருட்டுவார்கள். ஒவ்வொரு உருட்டுக்கும் காட்டிலிருந்து ஒன்று வீட்டுக்குள் வந்து நிற்கும். சிங்கம், குரங்குக் கூட்டம், காண்டாமிருகங்கள், வெள்ளம்.

சினிமாவில் அந்தக் குரங்குகள் சமையலறையில் அடிக்கும் கூத்து இருக்கிறதே, அன்று அதைப் பார்த்து நானும் தம்பியும் உருண்டு உருண்டு சிரித்தோம். இப்போது நினைத்தால், யார் அம்மா அதைத் துடைத்து எடுப்பது என்றுதான் தோன்றுகிறது!

சிரிப்பு மட்டும் இல்லை. 1969-ல் ஒரு பையனை அந்த விளையாட்டு உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். இருபத்தாறு வருஷம் கழித்துத் தாடியும் மீசையுமாக, இலைதழைகளைக் கட்டிக்கொண்டு திரும்பி வருவான். ராபின் வில்லியம்ஸ் நடித்திருந்தார். வந்ததும் வீடெல்லாம் ஓடி அப்பா அம்மாவைத் தேடுவார். அந்த முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அந்த மனுஷர் 2014-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் இல்லாமல் ஜுமான்ஜி என்று ஒரு படம் எதற்கு? நான் மட்டும் சொல்லவில்லை, இப்படி ஒரு படம் எடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தபோது அவர் நாட்டிலேயே ரசிகர்கள் பலர் முணுமுணுத்தார்களாம்.

இருந்தாலும் மகள் சொல் தட்ட முடியுமா? ஞாயிற்றுக்கிழமை மாலை சீயம் சுட்டுத் தட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். நான், இவர், மகள், ஒன்பதாவது படிக்கும் மகன், மாமியார். ஆங்கிலப் படம். கீழே எழுத்து ஓடியது. மாமியாருக்கு மட்டும் பேத்தி கதை சொல்லிக்கொண்டே வந்தாள்.

பழைய பலகை விளையாட்டு கடற்கரை மணலில் கிடக்கிறது. 1996-ல் ஒருவர் அதை எடுத்துவந்து தன் பையனிடம் கொடுக்கிறார். இந்தக் காலத்தில் பலகை விளையாட்டை யார் ஆடுவார்கள் என்று அவன் ஒதுக்கி வைத்துவிட்டு வீடியோ கேம் ஆடப் போய்விடுகிறான். ராத்திரி அந்தப் பெட்டிக்குள்ளிருந்து தம்பட்டச் சத்தம். திறந்தால் பலகை இல்லை, வீடியோ கேமாக மாறி உட்கார்ந்திருக்கிறது! பிள்ளைகள் எதை விரும்புகிறார்களோ அதுவாகவே மாறிக்கொண்டது, பாருங்கள். இந்த இடத்தில்தான் நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பழையதை அப்படியே சுடவைக்கவில்லை, வேறே ஏதோ செய்யப்போகிறார்கள் என்று பட்டது.

இருபது வருஷம் கழித்து, பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்த நாலு பிள்ளைகளைத் தண்டனையாக ஒரு பழைய சாமான் அறையில் விடுகிறார்கள். பழைய பத்திரிகைகளிலிருந்து ஸ்டேப்பிள் பின்னைப் பிடுங்கி எடுக்க வேண்டும், காகிதத்தை மறுபடி பயன்படுத்துவதற்காக. (நம் பத்திரிகை எந்த வீட்டில் யார் கையில் பின் பிடுங்கப்படுகிறதோ என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொண்டேன்.) அங்கே அந்த வீடியோ கேம் கிடக்கிறது. ஆளுக்கு ஒரு பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்து ஆட ஆரம்பித்ததும் நாலு பேரையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. எந்தப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தார்களோ அந்த உடம்போடு காட்டில் போய் விழுகிறார்கள்.

இனிமேல்தான் வேடிக்கை. எதற்கெடுத்தாலும் பயப்படும் ஒல்லிக் குச்சிப் பையன் ஸ்பென்ஸர், மல்யுத்த வீரர் டுவைன் ஜான்சன் உடம்பில்! மலை மாதிரி தோள், ஆனால் உள்ளே அதே பயந்தாங்கொள்ளி. அழக்கூடாது, அழக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். பள்ளியில் பெரிய ஃபுட்பால் வீரனாக இருந்தவனோ, கெவின் ஹார்ட் என்ற குள்ளமான நடிகரின் உடம்பில், மற்றவர் ஆயுதங்களைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடும் வேலைக்காரன். நேற்றுவரை இவனுக்கு வீட்டுப்பாடம் எழுதிக்கொடுத்தவனின் மூட்டையை இன்று இவன் சுமக்கிறான். கண்ணாடியும் செல்போனுமே உலகம் என்று இருந்த பெத்தனி, பேரைப் பார்த்துப் பெண் என்று நினைத்துத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஜாக் பிளாக் என்ற தொந்தி தாடிக்கார நடிகரின் உடம்பில் வந்து நிற்கிறாள். பி.டி. வகுப்பே வேண்டாம் என்று டீச்சரிடம் வாதாடிய கூச்சக்காரப் பெண் மார்த்தா, பத்துப் பேரை அடித்து வீழ்த்தும் வீராங்கனையாக.

மாமியார் இதைக் கேட்டுவிட்டு, "இதுல என்னத்தா அதிசயம்? நம்ம திருமூலர் பண்ணாததா? மாடு மேய்க்கிற மூலன் செத்துக் கெடந்தான், பசுவெல்லாம் சுத்தி நின்னு அழுதுச்சு, பாவம்னு இவரு அவன் உடம்புக்குள்ள பூந்துக்கிட்டாரு. கூடு விட்டுக் கூடு பாயுறது" என்றார்.

"அப்புறம் அப்பத்தா?" என்று மகன் ஆவலாகக் கேட்டான்.

"அப்புறம் என்ன, மூலன் பொண்டாட்டி வீட்டுக்கு வாங்கன்னு கூப்பிட்டா. நான் உன் புருசன் இல்லன்னுட்டாரு. அவ பாடு திண்டாட்டம். இவரு உடம்பையும் காணோம்."

ஹாலிவுட்காரர்களுக்கு வராத சந்தேகம் பார்த்தீர்களா, அந்த மூலன் பெண்டாட்டியின் கதி!

ஜாக் பிளாக்கைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். ஆண் நடிகர் பெண்ணாக நடிப்பது என்றால் நமக்குத் தெரியாதா, கையை ஒரு மாதிரி ஆட்டி, குரலைக் கீச்சென்று ஆக்கி, பெண்களைக் கேலி செய்வதாகத்தான் இருக்கும். இவர் அப்படிச் செய்யவில்லை. கழுத்தைச் சாய்த்து முடியை ஒதுக்குவதும் (முடி எங்கே இருக்கிறது!), கைப்பையைத் தேடுவதுபோல் செல்போனைத் தேடுவதும், அரை மணி நேரத்தில் தாடி கண்ணை விட்டுப் போய், ஒரு பதினாறு வயசுப் பெண்தான் தெரிகிறாள். கூச்சக்கார மார்த்தாவுக்குக் காவல்காரர்களை மயக்கும்படி நடக்கவும் சிரிக்கவும் இவர் பாடம் எடுக்கிறார் பாருங்கள், சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு புண்ணாகிவிட்டது. பாடம் படித்துவிட்டுப் போன மார்த்தாவுக்கு ஒன்றும் வரவில்லை, கடைசியில் அடிதடிதான் கைகொடுக்கிறது. அந்த வீராங்கனையாக வரும் காரென் கில்லன், கொசுவும் பாம்பும் உள்ள காட்டில் எனக்கு மட்டும் எதற்கு இந்தத் துளியூண்டு உடுப்பு என்று ஆரம்பத்திலேயே கேட்டுவிடுகிறாள். நான் கேட்க நினைத்ததை அவளே கேட்டுவிட்டாள்! ஆனால் கேட்டதோடு சரி. படம் முழுக்க அதே உடுப்புதான்.

விளையாட்டின் சட்டம் என்னவென்றால், ஆளுக்கு மூன்று உயிர். முன்கையில் மூன்று கோடு. செத்தால் ஒரு கோடு அழியும், வானத்திலிருந்து மறுபடி பொத்தென்று விழலாம். மூன்றும் போனால் போனதுதான். பெத்தனியை வந்ததும் வராததுமாக நீர்யானை விழுங்கிவிடுகிறது. நெஞ்சைத் தொட்டால் அவரவர் பலம், பலவீனம் எழுதிக் காட்டும். டுவைன் ஜான்சனுக்குப் பலவீனமே இல்லை. குள்ளருக்கோ கேக் தின்றால் ஆபத்து. அது தெரியாமல் சந்தையில் வாயில் போட்டுக்கொண்டு, பட்டாசு மாதிரி வெடித்துச் சிதறுகிறார்!

"அதான் டாக்டரு சீனி ஆகாதுன்னா கேக்கணும்" என்றார் மாமியார். கையில் இரண்டாவது சீயம். சர்க்கரை அவருக்கு இருநூற்றுக்குக் கீழே இறங்கி எத்தனையோ நாளாயிற்று. இவர் அம்மாவைப் பார்த்தார், அம்மா திரையைப் பார்த்தார்.

அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் காபி போட எழுந்தேன். திரும்பி வருவதற்குள் பிள்ளைகள் வீட்டில் ஒவ்வொருவருக்கும் பலம் பலவீனம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். அப்பாவுக்குப் பலம், உட்கார்ந்த இடத்தில் தூக்கம். பலவீனம், எழுதிக்கொடுத்த சாமானில் ஒன்றை மறந்துவிட்டு வருவது. அப்பத்தாவுக்குப் பலம், தெருவில் எந்த வீட்டில் என்ன நடந்தாலும் தெரியும். பலவீனம் தட்டிலேயே இருந்தது. எனக்குப் பலம், கரண்ட் போனாலும் இருட்டில் எந்தப் பொருள் எங்கே என்று சொல்லிவிடுவேனாம்.

"அம்மாவுக்குப் பலவீனம்?" என்று மகள் கேட்டாள்.

மகன் உடனே சொன்னான்: "கொசு."

யாரும் சிரிக்கவில்லை. மகள் ரிமோட்டை எடுத்துப் படத்தை ஓடவிட்டாள்.

அது ஏன் என்று சொல்ல வேண்டும். போன வருஷம் ஐப்பசி மழையில் இவனுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாள் நல்ல காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டது என்று மாரியம்மனுக்கு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்துவிட்டு, மிளகு ரசம் வைத்துச் சாதம் கொடுத்தேன். சாயங்காலம் வயிற்றுவலி என்றான். அடுத்தடுத்து வாந்தி. கழிப்பறைக்குப் போக எழுந்தவன் நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். ஆட்டோவில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு போனது எந்தத் தெரு வழியாக என்றுகூட எனக்கு இன்று ஞாபகமில்லை. டெங்கு என்றார்கள். எட்டு நாள் ஆஸ்பத்திரி.

டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டிய நேரம் என்பது எனக்கு அப்போது தெரியாது. வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை ஓய்ந்து கிடப்பது, இதில் எது வந்தாலும் காத்திருக்கக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறே வலி மாத்திரை எதையும் நாமாகக் கொடுக்கவும் கூடாது. இளம் தாய்மார்கள் இதை மட்டுமாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "டெங்குவில் நாலு வகை இருக்கும்மா. வந்த வகை இனிமே இவனை அண்டாது. மத்த வகை ஏதாவது ரெண்டாந்தடவை வந்தா, முதல் தடவையை விடக் கடுமையா இருக்க வாய்ப்பு உண்டு. கொசு கடிக்காம பார்த்துக்கோங்க." அவர் தெளிவாகத்தான் சொன்னார், நிதானமாகத்தான் சொன்னார். என் காதில் விழுந்தது இரண்டாம் தடவை என்பது மட்டும்தான்.

அன்றிலிருந்து நாலு மணிக்கு ஜன்னல் எல்லாம் சாத்திவிடுவேன். இந்தக் கொசு பகலில் கடிப்பது, அதிலும் காலையிலும் சாயங்காலம் இருட்டுவதற்கு முன்னாலும் அதிகம் என்று படித்திருந்தேன். பள்ளிக்கூடத்தில் நாலரை மணி ஃபுட்பால் பயிற்சியை நிறுத்தினேன். கொடைக்கானல் சுற்றுலாவுக்குக் கையெழுத்துப் போடவில்லை. டியூஷனுக்கு சைக்கிளில் போனவனை இவர் வண்டியில் கொண்டுபோய் விட்டார். முதலில் சண்டை போட்டான், அப்புறம் கெஞ்சினான், அப்புறம் கேட்பதையே விட்டுவிட்டான். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் நான்.

படத்துக்கு வருகிறேன். காட்டுக்குள் நாலு பேரும் ஓர் இளைஞனைப் பார்க்கிறார்கள். விளையாட்டில் அவன் விமானி. மரத்தடியில் ஒரு குடிசை, சமையல், படுக்கை, எல்லாம் வசதியாகத்தான் வைத்திருக்கிறான். அந்தக் குடிசையைக் கட்டியது யார் தெரியுமா? முதல் படத்தின் ஆலன் பாரிஷ், நம் ராபின் வில்லியம்ஸ்! மரத்தில் பேரைச் செதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவரை மறக்காமல்தான் எடுத்திருக்கிறார்கள் என்று இயக்குநர் ஜேக் காஸ்டன் மேல் இருந்த கோபமும் அதோடு போயிற்று.

இந்த விமானி வேறு யாருமில்லை, 1996-ல் பலகை விளையாட்டை ஒதுக்கிய அதே அலெக்ஸ்தான். அடுத்த கட்டத்துக்குப் போக முயற்சி செய்து இரண்டு கோட்டை இழந்துவிட்டான். கையில் மிச்சம் ஒரே கோடு. அதுவும் போய்விட்டால்? அதனால் எங்கேயும் போவதில்லை. குடிசைக்குள்ளேயே இருக்கிறான். வந்து சில மாதம்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். பேச்சுவாக்கில் அவர்கள் வருஷத்தைச் சொல்ல, இருபது வருஷம் போய்விட்டது என்று அவனுக்குத் தெரிகிறது.

அந்தப் பையன் முகத்தைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை, பசி இல்லை, பத்திரமாகத்தான் இருந்திருக்கிறான். வெளியே அவன் அப்பா கிழவராகி, பாழடைந்த வீட்டில் தனியாக நிற்பதைப் படத்தின் ஆரம்பத்திலேயே காட்டிவிட்டார்கள். என் பக்கத்தில் இவன் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது.

அலெக்ஸின் பலவீனம் என்ன என்று ஊகித்துவிட்டீர்களா? கொசு!

"அம்மா மாதிரியே!" என்று மகன் துள்ளிவிட்டான். இந்தத் தடவை எல்லோரும் சிரித்துவிட்டோம், நானும்தான்.

சிரிப்பு ரொம்ப நேரம் நிற்கவில்லை. காண்டாமிருகக் கூட்டத்திடமிருந்து ஹெலிகாப்டரில் தப்பி, அப்பாடா என்று எல்லோரும் மூச்சுவிடும் நேரத்தில் ஒரே ஒரு கொசு அலெக்ஸின் கழுத்தில் உட்காருகிறது. விழுந்துவிடுகிறான். கையில் கடைசிக் கோடு மங்குகிறது. இத்தனை பெரிய படத்தில் இத்தனை மிருகத்தை வைத்துவிட்டு, ஆளைச் சாய்க்கிறது ஒரு கொசு என்று வைத்தார்களே, எழுதியவர் வீட்டில் யாருக்காவது டெங்கு வந்திருக்குமோ? செல்போனைத் தவிர எதையும் நினைக்காத அந்தப் பெத்தனி முன்னால் வந்து, அவன் வாயில் மூச்சு ஊதி, தன் கோடு ஒன்றை அவனுக்குக் கொடுக்கிறாள். அவள் கையில் ஒன்று குறைகிறது, அவன் கையில் ஏறுகிறது.

நான் காபி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். ஆஸ்பத்திரியில் அந்த எட்டு ராத்திரியும், என் கையிலிருந்து எடுத்து இவன் கையில் வைத்துவிடு என்றுதானே நானும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மீதிப் படத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பார்க்காதவர்களுக்குக் கெடுக்கக் கூடாது. சிலையின் கண்ணில் திருடுபோன மணியைத் திரும்ப வைத்து, ஜுமான்ஜி என்று கூவினால் விளையாட்டு முடியும். அதற்கு மோட்டார் சைக்கிள், சிறுத்தைகள், யானை என்று ஒரே ஓட்டம். மார்த்தா தன் உயிர் ஒன்றை வேண்டுமென்றே விட்டுச் செய்யும் யுக்தி ஒன்று வருகிறது, பேஷ்! கதை என்று பார்த்தால் மெல்லிசுதான். வில்லன் சுத்த வேஸ்ட், காதிலிருந்தும் வாயிலிருந்தும் பூச்சி ஊர்வதுதான் அவன் செய்த ஒரே வேலை, பலகாரத் தட்டோடு பார்க்கிற காட்சி இல்லை. சின்னக் குழந்தைகளோடு பார்க்கும் தாய்மார்களுக்கு இன்னொன்று. பெத்தனிக்கு ஆண் உடம்பு புதிது என்பதை வைத்து இரண்டு மூன்று இடத்தில் கூச்சமான பேச்சு வருகிறது. அமெரிக்காவிலேயே பதின்மூன்று வயசுக்கு உட்பட்டவர்களுக்குப் பெற்றோர் யோசித்துக் காட்டவும் என்ற முத்திரையோடுதான் வந்தது. அந்த இடத்தில் பேத்தி மொழிபெயர்ப்பை நிறுத்திக்கொண்டாள். "என்னடி சொல்றான், சிரிக்கிறீக?" என்று மாமியார் கேட்டதற்கு, "பாத்ரூம் எங்கன்னு தேடுறாங்க அப்பத்தா" என்றாள். பொய்யில்லையே!

கடைசியில் ஸ்பென்ஸருக்கும் ஒரே கோடுதான் மிச்சம் என்றாகும்போது பழைய பயம் திரும்பிவிடுகிறது. நிறைய உயிர் இருந்தால் தைரியமாக இருக்கலாம், ஒன்றுதான் என்றால் எப்படி என்கிறான். எல்லோருக்கும் எப்போதும் ஒன்றுதானே என்கிறான் ஃபுட்பால்கார நண்பன், ரொம்பச் சாதாரணமாக, தோளில் மூட்டையோடு. இந்தப் பேச்சு எல்லாம் கும்மாளத்துக்கு நடுவே கால் நிமிஷத்தில் வந்து போய்விடும். பிரசங்கம் பண்ணவில்லை.

ராத்திரி எல்லோரும் படுத்தபிறகு, அடுக்களை மேடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க மகன் வந்தான்.

"ஃபுட்பால் இன்னும் நாலரைக்குத்தானா?" என்று கேட்டேன்.

என்னைப் பார்த்தான். "நாலரைதான். ஆனா கோல் கீப்பரா வேற பையனைச் சேர்த்துட்டாங்கம்மா. ஆடி மாசமே."

"நீ போனா சேர்த்துக்க மாட்டாங்களா?"

"சப்ஸ்டிட்யூட்டா உக்காரச் சொல்லுவாங்க." கொஞ்சம் நின்றுவிட்டு, "பரவால்ல, உக்காந்துக்குறேன்" என்றான்.

எனக்கு அந்த 'பரவால்ல'தான் பொறுக்கவில்லை. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று துணியைப் பிழிந்துகொண்டே இருந்தேன்.

மறுநாள் டாக்டரிடமே போய்க் கேட்டேன். "விளையாட அனுப்பாதீங்கன்னு நான் எப்பம்மா சொன்னேன்?" என்றார். முழுக்கால் சட்டை, காலுறை, வெளியே தெரிகிற இடத்தில் கொசு விரட்டும் களிம்பு, அவ்வளவுதான். மீதி வேலை வீட்டில் என்றார். தண்ணீர் தேங்கினால் முட்டை கொசுவாகப் பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதுமாம். அதனால் வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே டிரம், தொட்டி எல்லாவற்றையும் கொட்டிவிட்டு உள்பக்கத்தைத் தேங்காய் நார் போட்டுத் தேய்க்கிறேன். முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்குமாம், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. ஃப்ரிட்ஜ் பின்னால் ஒரு தட்டு இருக்கிறதே, அதை எத்தனை பேர் இழுத்துப் பார்த்திருக்கிறீர்கள்? நான் பத்து மாதமாக ஜன்னலைச் சாத்திக்கொண்டிருந்தேன், அந்தத் தட்டில் தண்ணீர் நின்றிருந்தது!

முதல் நாள் மைதானத்துக்கு நானும் கூடப் போனேன். இவன் பத்தடி தள்ளி, தெரியாதவன் மாதிரி நடந்தான். சுவரோரம் இரண்டு பழைய டயர், உள்ளே மழைத்தண்ணீர். மாஸ்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் பையன்களை விட்டு உடனே கவிழ்த்துக் கொட்டச் சொன்னார். இவன் முகம் சிவந்துபோய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டாம் நாள் நான் போகவில்லை. ஆறு மணிக்கு வரச் சொன்னேன், ஆறு இருபதுக்கு வந்தான். அந்த இருபது நிமிஷத்தில் வாசலுக்கும் அடுக்களைக்கும் எத்தனை நடை நடந்தேன் என்பதை மாமியார் எண்ணிக்கொண்டிருந்தார், பதினொன்று. முழங்காலில் சிராய்ப்பு, சட்டையெல்லாம் செம்மண். கடைசிப் பத்து நிமிஷம் ஆட விட்டார்களாம்.

ஐப்பசி மறுபடி வரத்தான் போகிறது. எனக்கு வயிற்றைக் கலக்காமல் இல்லை.

மகள் நேற்று போனில் கூப்பிட்டாள். 2019-ல் இன்னொரு பாகமும் வந்திருக்கிறதாம். அதில் ஸ்பென்ஸருடைய தாத்தா, டுவைன் ஜான்சன் உடம்புக்குள் புகுந்துகொள்கிறாராம்.

"எதுக்குடி அது? ஒண்ணு நல்லா வந்துச்சுன்னா விட மாட்டாங்களே. தேவையே இல்லாத படம்" என்றேன்.

"சரிம்மா, அப்ப வேண்டாம்."

"வேண்டாம்னு யாரு சொன்னா? நீ எந்த ஞாயித்துக்கிழமை வர்றேன்னு முதல்ல சொல்லு. அப்பத்தாவுக்கு இந்தத் தடவை சீயம் கிடையாது, பயறு சுண்டல்தான்."